ஒருவரும் இல்லை என்று நான் எழுதிய வீடு

புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் என் ஸலாமும் வணக்கமும். உங்கள் கையில் டெப் என்ற தட்டைக் கணினி இருக்கிறது. டெப்பில் வரைபடம் இருக்கிறது. வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கம் இருக்கிறது. இவ்வளவும் இருக்கும்போது வீட்டை வேறு போய்ப் பார்க்க வேண்டுமா என்று நீங்கள் கேட்பது எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. பட்டம் பெற்றவர்கள் வெயிலில் நிற்கக் கூடாது.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. அந்த எட்டாம் வகுப்பிலும் வாங்கில் இருந்த நாளைவிட வயலில் கொக்கு விரட்டிய நாள்தான் கூட. மாநகர சபையில் சேர்ந்தபோது எனக்குத் தந்த கருவி மண்வெட்டி, வேலை வடிகான் வெட்டுவது. ஓய்வு பெற்றபோது நான் வெளிக்களப் பரிசோதகர். நடுவில் ஒருவரும் எனக்குக் கைகொடுக்கவில்லை. கைகொடுத்ததாகச் சொல்லிக்கொண்டு இப்போது நாலைந்து பேர் ஊருக்குள் திரிகிறார்கள், நம்ப வேண்டாம்.

கல்முனையிலிருந்து கடற்கரைப் பக்கமாகப் போகிற தெருக்களில் நான் கால் வைக்காத பழைய வீடு இல்லை. கதவைத் தட்டாமலே அங்கே ஆள் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். கிணற்றுக் கயிறு ஈரமாக இருக்கிறதா, முற்றத்து மணலில் ஈர்க்குமாறு கூட்டிய வரி இருக்கிறதா, அது இன்றைய வரியா நேற்றைய வரியா, எல்லாம் பார்ப்பேன். சுவரில் பெருவிரலை வைத்து அழுத்தினால் அது சுண்ணாம்பா, சீமெந்தா, உப்புக் குடித்துச் செத்த செங்கல்லா என்பது விரலுக்கே தெரியும். அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்று கூப்பிடுகிற பொறியியலாளர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எந்தப் புத்தகத்தில இரிக்கி காக்கா?" என்று கேட்டார். "நான் எழுதினாத்தான் இரிக்கும் சேர்" என்றேன். சிரித்தார். எழுதச் சொல்லவில்லை.

ஒரு பழைய வீட்டைப் பற்றிச் சபை கேட்பது இரண்டே கேள்வி. ஒன்று, இது விழுமா? மற்றது, விழுந்தால் உள்ளே ஆள் இருக்குமா? தாளில் நிரப்புவதற்கென்று கட்டம் கட்டமாக இருபது கூடுகள் இருக்கும். அவை எல்லாம் இந்த இரண்டையும் சுற்றிப் போட்ட வேலிதான். முதற் கேள்வியில் நான் பிழைவிட்டதில்லை. இரண்டாவது கேள்வியில் ஒரே ஒரு தடவை விட்டேன். நானே எழுதிவிட்டால் மற்றவர்கள் கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இங்கே வீடு பெண்ணுக்கு. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் செய்வார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். மகன் கலியாணம் முடித்தால் மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். அதனால் மகள் இருக்கிற வீட்டுக்கு வருடம் ஒரு அறை கூடும், மகன் மட்டும் இருக்கிற வீட்டில் வருடம் ஒரு ஓடு குறையும். பழைய வீடு ஒன்றைக் கண்டால் எத்தனை வருடம் ஆனது என்று கேட்காதீர்கள். பெண்பிள்ளை உண்டா என்று கேளுங்கள்.

ஜெஸீமா ராத்தாவின், அதாவது ஜெஸீமா அக்காவின், வீடு அப்படிப்பட்டது. பெரிய தெருவோரம், சுண்ணாம்புச் சுவரும் ஓட்டுக் கூரையுமாக ஒரு முன்மண்டபம். அவருக்கு ஒரே மகன், மருதமுனையில் மனைவியின் வீட்டில் இருக்கிறான். இந்த விபரமெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலில் என் கைக்கு வந்தது ஒரு மனு.

மனுப் போட்டவர் பக்கத்துக் காணிக்காரர், ஒரு துணிக்கடை முதலாளி. கடையை மூன்று மாடியாக உயர்த்திக்கொண்டிருந்தார். வாடிக்கையாளரின் வாகனங்கள் நிற்க இடம் இல்லை. மனுவில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 'ஆளில்லாப் பாழ்வீடு, பொதுமக்களின் உயிருக்கு ஆபத்து' என்று இருந்தது. முதலாளிக்குப் பொதுமக்களின் உயிர்மீது இவ்வளவு பாசம் இருப்பது அந்த மனுவைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

நான் போனது லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால். முன்கதவில் வெளிப்பூட்டு. முற்றத்தில் ஈர்க்குமாறு பட்டுப் பல நாள். மண்டபத்துக் கூரையைத் தாங்குகிற தீராந்தி என்ற குறுக்கு மரம் நடுவில் கறையான் தின்று வயிறு தள்ளி நின்றது. ஆபத்தான கட்டடம் என்று எழுதினேன். அது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையே எழுதுவேன்.

பிறகு பக்கத்துக் குறுகிய ஒழுங்கையால் நடந்து சன்னலடிக்குப் போய் ஸலாம் சொன்னேன். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் பதில் ஸலாம் சொல்லிவிட்டு, "ஊட்ட ஒத்தரும் இல்ல" என்றது.

எங்கள் ஊர்க்காரருக்கு இது விளங்கும். வந்தவரோடு நின்று கதைப்பதற்கு வீட்டில் ஆம்பிளை ஒருவரும் இல்லை, போய்ப் பிறகு வாருங்கள் என்று அர்த்தம். மரியாதை தெரிந்தவன் அதற்குமேல் அங்கே நிற்கமாட்டான். நான் மரியாதை தெரிந்தவன். "சரி" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்து, 'குடியிருப்போர்' என்ற கூட்டில் 'ஒருவரும் இல்லை' என்று எழுதினேன்.

சிரிக்காதீர்கள். இருபது வருடமாக நான் அப்படித்தான் எழுதி வந்தேன், பென்சிலால். அசர் என்ற பின்னேரத் தொழுகைக்குப் பிறகு திரும்பப் போவேன், ஆம்பிளைகள் வந்திருப்பார்கள், அழித்துவிட்டுப் பெயர்களை எழுதுவேன். ஆனால் அந்த வருடம் மேலிடத்திலிருந்து ஒரு புத்திசாலித்தனமான உத்தரவு வந்திருந்தது. பேனாவால் மட்டும் எழுத வேண்டும், அன்றைய தாளை அன்றே ஒப்படைக்க வேண்டும். பேனாவால் எழுதினால் உண்மை கூடும் என்று யாரோ படித்தவர் கண்டுபிடித்திருக்கிறார்.

அசருக்குப் பிறகு போயிருக்கலாமே என்பீர்கள். அசருக்குப் பிறகு நான் மேடையில் இருந்தேன். ஊர்ச் சங்கம் ஒன்று என் நீண்ட சேவையைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்திக் 'களப்பணிச் செம்மல்' என்று பட்டமும் தந்தது. எந்த வீட்டையும் இரண்டு தடவை பார்க்காமல் விடாதவர் என்று ஒருவர் பேசினார். நானும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன்.

தாள் அலுவலகத்துக்குப் போனது. அங்கே அதைக் கணினியில் ஏற்றியவர் என் எழுத்தை ஊர்ப் பேச்சாக வாசிக்கவில்லை, தமிழாக வாசித்தார். ஆபத்தானது, ஆளற்றது. இந்த இரண்டும் சேர்ந்தால் யாருடைய கையிலும் அறிவித்தல் கொடுக்கத் தேவையில்லை. முன்கதவில் ஒரு கடுதாசி ஒட்டுவார்கள். ஒரு மாதம் கடந்தால் இடிக்கலாம். முன்கதவைத் திறக்காத ஒருவர் அதில் ஒட்டிய கடுதாசியை எப்படிப் பார்ப்பார் என்ற கேள்விக்குத் தாளில் கூடு இல்லை.

இடிக்கிற நாள் காலையில் என்னையும் வரச் சொன்னார்கள். பெக்கோ இயந்திரம் தெருவில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. அக்கரைப்பற்றுக்கார சாரதி மேலே இருந்தார். முதலாளி குடையோடு வந்து நின்றார். கோப்பைக் கொண்டுவந்தவர் கௌசல்யா மிஸ், காரைதீவுப் பிள்ளை, தொழில்நுட்ப உத்தியோகத்தராக வந்து மூன்று மாதம். அண்ணன் முறையில் என்னை நானா என்கிற அந்தப் பிள்ளைக்குக் கோப்பைத் திறந்து வாசிக்கிற ஒரு கெட்ட பழக்கம் இருந்தது.

"நானா, குடியிருப்போர் எண்ட இடத்தில ஒருவரும் இல்லை எண்டு எழுதியிருக்கு. இத ஆரிட்டக் கேட்டு எழுதினீங்க?"

"ஊட்டுக்காரிக்கிட்டத்தான் மிஸ்."

"எங்க வச்சு?"

"இஞ்சதான். உள்ளுக்கு நிண்டு சொன்னா."

மிஸ் கோப்பைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உள்ளுக்கு நிண்ட ஆள் உள்ளுக்கு ஆளில்லையெண்டு சொன்னவ. நீங்களும் எழுதினீங்க."

"ஓம்" என்றேன். அந்த 'ஓம்' என் வாயைவிட்டுப் போய்க் காதுக்குள் திரும்பி வந்தபோதுதான் எனக்கு வியர்த்தது.

சாரதி மேலேயிருந்து கேட்டார்: "காக்கா, இப்ப ஆள் இரிக்கா, இல்லையா? வாளியத் தூக்கவா, இறக்கவா?"

"மிசின நிப்பாட்டு" என்று சொல்லிவிட்டு ஒழுங்கையால் ஓடினேன். சன்னலடியில் நின்று ஸலாம் சொன்னேன். "ராத்தா, நான் சபையால வந்திரிக்கன்."

"ஊட்ட ஒத்தரும் இல்ல மனே. அசருக்குப் பொறவு வாங்க."

"ராத்தா, பெக்கோ வந்திரிக்கி."

"ஆரு வந்தாலும் அசருக்குப் பொறவுதான்."

என் பின்னாலேயே வந்த சாரதி, "ஒத்தரும் இல்லாத ஊட்டுக்குள்ள நல்ல தெளிவான குரல்" என்றார்.

கௌசல்யா மிஸ் எங்களிடம் ஒன்றும் கேட்காமல் பின்வளவு வாசலால் உள்ளே போனார். ஆண்கள் நாங்கள் மூன்று பேரும் தெருவில் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கால்மணித்தியாலம் ஆனது. வெளியே வந்தபோது அந்தப் பிள்ளையின் முகம் சிரிப்பாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை.

"ஒரு அம்மா இருக்கிறா, நானா. நாப்பது வருசமா இஞ்சதானாம். மனுசன் செத்து மூண்டு மாசமாம். இன்னும் நாப்பது நாள் வெளிய வரமாட்டாவாம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க எண்டா."

இத்தா. கணவன் மவுத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் வீட்டோடு இருக்கிற காலம். பூட்டும் அதற்குத்தான், முன்பக்கம் யாரும் வராமல் மருமகள் போட்டது. சாப்பாடு பின்வாசலால் வந்துகொண்டிருந்தது, அசருக்குப் பிறகு மகனும் அதே வாசலால் வந்து போவான். அந்த மவுத்தைப் பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தபோது நானும் கேட்டவன்தான். ஊரில் எல்லா வீடும் தெரிந்த நான், எந்த வீடு என்று மட்டும் யோசிக்கவில்லை.

"இடிக்க வந்திரிக்கம் எண்டு சொன்னீங்களா?" என்று மிஸ்ஸிடம் கேட்டேன்.

"சொன்னன். கேத்தல அடுப்பால இறக்கி வச்சா. பிறகு சொன்னா, 'எனக்கு மகள் இல்லையே புள்ள. இந்த ஊடு போனா நான் ஆர்ட ஊட்ட போற' எண்டு."

"மகன் இரிக்கான்தானே" என்றார் முதலாளி.

"அதையும் கேட்டன். மருமகள்ட ஊட்ட விருந்துக்குப் போகலாம், குடியிருக்கப் போக ஏலாதாம்." மிஸ் என் பக்கம் திரும்பினார். "பின்பக்கம் ரெண்டு அறையும் குசினியும் சுனாமிக்குப் பிறகு கட்டினது, நல்ல உறுதி. அவ அங்கதான் இருக்கிறா. முன்மண்டபம்தான் இண்டைக்கோ நாளைக்கோ."

முதலாளிக்கு மார்க்கப் பற்று பொங்கியது. "நம்மட வேன் கறுப்புக் கண்ணாடி போட்டது. பின்வாசலோட கொண்டு வந்து நிப்பாட்டினா ஒத்தரும் காண மாட்டாங்க. மருமகள்ட ஊட்ட விட்டுட்டு வந்தா நாம வேலையத் தொடங்கலாம். உயிருக்கு ஆபத்தெண்டா இத்தாவில இரிக்கிறவ வெளிக்கிடலாம், மௌலவிமாரே சொல்லியிரிக்காங்க." அவர் சொன்னது மார்க்கச் சட்டப்படி சரி. சரியான விசயத்தைச் சரியில்லாத வாய் சொல்லும்போது அதற்கு ஒரு வாடை இருக்கிறது. வெளியே வரலாமா என்பதல்ல ராத்தாவின் கேள்வி. திரும்பி வர வீடு இருக்குமா என்பதுதான்.

அலுவலகத்தில் எங்கள் பெரியவருக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. பிரச்சினைகளைத் தாளில் தீர்த்துப் பழகியவர்.

"காக்கா, நீங்க பயப்பட வேணாம்" என்றார். "ஒரு வரி எழுதுங்க. பரிசோதனைக்குப் பின்னர் குடிவந்தவர் எண்டு. உங்கட எழுத்தும் பிழையில்ல, சபையிலயும் பிழையில்ல."

"சேர், அவ நாப்பது வருசமா இரிக்கா."

"அது உங்கட தாள்ள இல்லையே."

இந்த ஒரு வரியின் வேலையைச் சொல்கிறேன், டெப்பில் இது இல்லை. நாற்பது வருடமாகக் குடியிருப்பவருக்குக் கையில் அறிவித்தல் கொடுக்க வேண்டும், தவணை கொடுக்க வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். இடிக்கச் சொன்ன வீட்டுக்குள் பின்னர் குடிவந்தவர் என்றால் பொலிஸைக் கூட்டிவந்து அன்றைக்கே இறக்கலாம். நான் எழுதப் போகிற ஒரு வரியில் ராத்தா தன் வீட்டிலேயே அத்துமீறிப் புகுந்தவராகிவிடுவார். என் பெயர் அப்படியே பளபளவென்று இருக்கும்.

நான் உடனே மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறுக்கவில்லை. எனக்கு ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. முப்பத்தியொரு வருடத்தில் என் கோப்பில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. மண்வெட்டியோடு வந்தவன் கடைசியில் பிழைகாரனாகப் போவதா? படித்தவர்கள் பிழை விட்டால் அது அனுபவம். நான் விட்டால், எட்டாம் வகுப்புக்காரன் வேறு என்ன செய்வான் என்பார்கள். பேனாவை எடுத்தேன். கோப்பைப் பெக்கோவின் சில்லில் வைத்து, 'பரிசோதனைக்குப் பின்னர்' என்று எழுதியும் விட்டேன்.

கௌசல்யா மிஸ் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார். தடுக்கவில்லை, புத்தி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுதி முடித்திருப்பேன், அது என் குணம். கீழே ஒரு கூட்டை விரலால் காட்டினார்.

"பின்னர் குடிவந்தவர் எண்டா இதையும் நிரப்ப வேணும் நானா. முன்னர் இருந்த விலாசம். எங்க இருந்து வந்தவ?"

யோசித்தேன். குசினியிலிருந்து அறைக்கு வந்தவர். அறையிலிருந்து சன்னலடிக்கு வந்து, எனக்கு மறுமொழி சொன்னவர். வேறு எங்கிருந்தும் அவரைக் கொண்டுவர எனக்கு இடம் கிடைக்கவில்லை. பொய் ஒன்றைத் தாளில் எழுதினால் அது பக்கத்துக் கூட்டுக்கும் ஒரு பொய் கேட்கும் தம்பிமாரே. தாள் போட்டவன் முட்டாள் இல்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு படிவத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

எழுதியதை வெட்டினேன். கீழே எழுதினேன்: 'நான் போனபோது உள்ளே ஒரு பெண் இருந்தார். என்னோடு கதைத்தார். ஆம்பிளை இல்லை என்று சொன்னார். நான் ஒருவரும் இல்லை என்று எழுதினேன். பிழை என்னுடையது.' கையொப்பம் வைத்தேன். யாரும் சொல்லித்தராமல், யாரையும் கொண்டு திருத்தாமல் நான் எழுதிய முதலாவது அறிக்கை அதுதான். எழுத்துப் பிழை மூன்று இருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

பெரியவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். "இது உங்கட கோப்புக்குப் போகும் காக்கா" என்றார். "போகட்டும் சேர்" என்றேன். போனது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது, 'எதிர்காலத்தில் அவதானமாகச் செயற்படுமாறு'. என் எதிர்காலம் ஐந்து மாதம் என்பதை எழுதியவர் கவனிக்கவில்லை.

பெக்கோ போய்விட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். தீராந்தி விழப்போகிறது என்ற என் முதற் கேள்வியின் பதில் அப்படியே தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது. இரக்கப்பட்டு ஆளை உள்ளே விட்டுவிட்டுக் கூரையை மறந்தால் அதற்குப் பெயர் இரக்கம் இல்லை. மண்டபத்துக்கு அன்றைக்கே முட்டுக் கொடுக்க வேண்டும். மரம் வேண்டும். சுற்றிப் பார்த்தேன். முதலாளியின் மூன்று மாடிக்குக் கீழே நல்ல நல்ல மரமாக அடுக்கி நின்றது.

"முதலாளி," என்றேன், "நீங்க மனுவில எழுதினது நூத்துக்கு நூறு சரி. பொதுமக்கள்ட உயிருக்கு ஆபத்து. பத்து முட்டு தாங்க."

தெருவில் அதற்குள் முப்பது பேர் கூடியிருந்தார்கள். எல்லோரும் பொதுமக்கள். அவர் குடையை மடக்கினார், விரித்தார். "எடுங்க, எடுங்க" என்றார். சாரதி பெக்கோவின் வாளியில் மரங்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். ராத்தா பின்பக்கத்து அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்ள, மிஸ் மண்டபத்துக்குள் நின்று எங்கே எது நிற்க வேண்டும் என்று காட்ட, அசருக்கு முன்னால் பத்து முட்டும் நின்றன. மண்டபத்துக்கும் அறைக்கும் நடுவில் பலகை அடித்து மறித்தோம்.

நாற்பது நாள் கழித்து மண்டபத்துக் கூரையைக் கையால் இறக்கினார்கள். மகன் வந்து நின்று நல்ல ஓடுகளைப் பொறுக்கி அடுக்கினான். முதலாளியின் வாகனங்கள் இன்றைக்கும் தெருவிலேயே நிற்கின்றன. பொதுமக்கள் சுற்றிப் போகிறார்கள்.

மறுபரிசோதனைக்கு நானும் மிஸ்ஸும் போனோம். பூட்டு இல்லை. ராத்தா மெல்லிய ஆள், குரலைக் கேட்டு நான் நினைத்ததில் பாதிதான் இருந்தார். தேத்தண்ணி தந்தார். சுவர்களை அழுத்திப் பார்த்தேன், பின்பக்கம் எல்லாம் உறுதி. குடியிருப்போர் என்ற கூட்டில் பெயரை முழுதாக எழுதினேன். கடைசியாக ஒரு கூடு மிஞ்சியது, எஞ்சிய பாவனைக் காலம். இந்த வீடு இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று எழுத வேண்டும்.

"என்ன யோசிக்கீங்க?" என்றார் ராத்தா.

"இந்த ஊடு எத்தின வருசம் நிக்கும் எண்டு கேட்டிரிக்கி ராத்தா. பின்பக்கம் நல்லா இரிக்கி, உங்கட காலத்துக்குத் தாங்கும்."

"என்ட காலத்துக்கோ?" என்றார். "அப்ப எத்தின எண்டு எழுதப் போறீங்க?"

மிஸ் தேத்தண்ணிக் கோப்பைக்குள் சிரித்தார். நான் பேனாவை மூடினேன்.

அந்தக் கூட்டை நிரப்பவில்லை என்று அலுவலகத்திலிருந்து இரண்டு தடவை கேட்டார்கள். பிறகு நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இன்னும் அது வெறுமையாகத்தான் இருக்கிறது, உங்கள் டெப்பிலும் சிவப்பாகக் காட்டுமாம். எண் தெரிந்த கெட்டிக்காரர் யாராவது உங்களில் இருந்தால் போய் எழுதிவிட்டு வாருங்கள். முன்கதவைத் தட்டினால் போதும், இப்போது அவரே வந்து திறக்கிறார்.